ஸ்டேஷனில் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள், எழுதிக் கொடுக்கலாமா?

வக்கீலான எனக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவருக்கு வயது 29. ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வார நாட்களில் ஐ.டி. வேலை, சனி ஞாயிறில் ஸ்டாண்டப் காமெடி. நான்கு வருடம் ஓப்பன் மைக்குகளில் பேசிப் பேசி, இப்போதுதான் எழுபது எண்பது பேர் டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிறார்கள். அவருடைய அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அங்கே வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குத் தனி லிப்ட். அது பழுதாகிக் கிடந்த ஒரு நாள், பாத்திரம் தேய்க்க அம்மா ஒன்பது மாடி ஏறியிருக்கிறார். அதை வைத்துப் பன்னிரண்டு நிமிட செட் ஒன்று எழுதியிருக்கிறார் மகன். அதில் அசோசியேஷன் செயலாளர் ஒரு பாத்திரம். நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு மெயின் லிப்டில் வரும் அவர், அவசரத்துக்கு அதில் ஏறிவிட்ட பையனைப் பார்த்து, "சண்டாளா, எந்த லிப்ட்ல கைய வைக்கிற?" என்று கத்துவார்.

பார்வையாளர் ஒருவர் போனில் எடுத்த 40 நொடித் துண்டில் அந்தக் கத்தல் மட்டும் இருந்தது. யார் குரலில் பேசுகிறார் என்பது அதில் தெரியவில்லை. 'ஏழைகளைக் கேவலப்படுத்துகிறான், பி.சி.ஆர். கேஸ் போடணும்' என்று ஒரு பக்கம் கோபம். யூடியூபில் முழு வீடியோவைப் பார்த்த குடியிருப்புக்காரர்கள், தங்களை அவமதித்து இரு பிரிவினரிடையே பகையைத் தூண்டுவதாக போலீசில் மனு கொடுத்தது இன்னொரு பக்கம். மனுவுக்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போட்டிருக்கிறார்கள். எஸ்.ஐ. போனில் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி, வந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, முடிஞ்சிரும்" என்றாராம். அலுவலகத்தில் ஹெச்.ஆர். விளக்கம் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார்.

'நான் யார் பெயரையும் சொல்லவில்லை. வீடியோ ஆரம்பத்தில் யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை என்று போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இதைவிடப் பச்சையாகப் பேசுகிறார்கள். நானே பட்டியல் சாதிக் குடும்பம், நான் பேசாமல் யார் பேசுவது? இந்தப் பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் வந்தபிறகு காமெடியே செய்ய முடியவில்லை. வீடியோவை அழித்துவிடவா? கடிதம் எழுதிக் கொடுத்துவிடவா?' என்று கேட்கிறார். கடைசி வரி: 'அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கேட்ல அவங்க பேரை எடுத்துட்டா என்ன செய்வது?'

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய முழு வீடியோவையும் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை தனியாக. இரண்டாம் தடவை என் ஜூனியரையும், முப்பது வருடமாக என்னோடு இருக்கும் குமாஸ்தாவையும் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்பதாவது மாடி வாசலில் மூச்சு வாங்க நிற்கும் அம்மாவிடம் வீட்டுக்காரம்மா, "ஜிம்முக்குக் குடுக்குற காசு மிச்சம் பாரு" என்று சொல்லும் இடத்தில் மூன்று பேருமே சிரித்தோம். சிரித்து முடித்ததும் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல எழுத்து, தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வாரத்தில் அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி சட்டம். உங்கள் கடிதத்தில் பயமும் குற்ற உணர்வும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பயப்பட வேண்டிய இடம் வேறு, வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம்.

சி.எஸ்.ஆர். என்பது எப்.ஐ.ஆர். அல்ல

மனு வாங்கியதற்கான ரசீதுதான் சி.எஸ்.ஆர். உங்கள்மீது இன்றுவரை வழக்கு எதுவும் இல்லை. குடியிருப்புக்காரர்கள் மனுவில் சொல்லியிருப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகள். இரண்டிலும் இந்த மாதிரிப் புகாருக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம். மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், எப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3). பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் இதைச் செய்வதே முறை என்று 2025 மார்ச் 28 அன்று, இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு கவிதைக்காகப் போட்ட வழக்கு அது. குடியரசாகி 75 ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு கவிதையோ ஸ்டாண்டப் காமெடியோ சமூகங்களுக்கிடையே பகையை மூட்டிவிடும் என்று சொல்லும் அளவுக்கு நம் அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் தொழிலின் பெயரே அதில் இருக்கிறது. பேச்சை எடைபோட வேண்டியது உறுதியான மனம் படைத்தவர்களின் பார்வையில்தான். எதற்கெடுத்தாலும் மிரள்பவர்களை அளவுகோலாக வைக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. சிறுமலைக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போன ஒருவர், 'துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலை பயணம்' என்று முகநூலில் படம் போட்டார். வாடிப்பட்டி போலீசார் அதற்கு அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் என்ற பிரிவில் வழக்கே பதிந்தார்கள். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். வேடிக்கையாக இருக்கும் உரிமை, பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ)-வுக்குள்ளேயே இருக்கிறது என்றவர், எதைப் பார்த்துச் சிரிப்பது என்பது வேறு, லேசில் பதில் சொல்ல முடியாத கேள்வி என்றும் எழுதினார். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

வழக்கு கோர்ட்டில் நிற்காது என்பது ஒன்று. உங்களை அலைக்கழிக்காது என்பது வேறு. ஸ்டாண்டப் கலைஞர் முனாவர் பாருக்கியை 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைது செய்தார்கள். புகாரில் சொன்ன ஜோக்கை அவர் அந்த மேடையில் சொல்லவே இல்லை என்று நிகழ்ச்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை. 2025 மார்ச்சில் இன்னொரு ஸ்டாண்டப் கலைஞர் குணால் கம்ரா பேசியதற்காக மும்பையில் 'கார்' (Khar) என்ற பகுதியில் இருந்த அரங்கையே அடித்து நொறுக்கினார்கள். அவர் விழுப்புரம் மாவட்டவாசி என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படி நடந்தவர்களுக்கும் கோர்ட்டில் வழி கிடைத்தது, வேளையோடு வக்கீல் வைத்துக்கொண்டால் வேகமாகக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே போன் அழைப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், போகாமலும் இருந்துவிடாதீர்கள். எழுத்துமூலம் நோட்டீஸ் கேளுங்கள், மரியாதையாக. குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ் வர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டது. நோட்டீசை மதித்து ஆஜராகிறவரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மனு விசாரணைக்கு மட்டும் அழைத்தால்கூட ஒரு வக்கீலோடு போய், கையெழுத்துப் போட்ட பதில் ஒன்றைக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வாருங்கள்.

அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம்

எஸ்.ஐ. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இரு தரப்பையும் சமாதானப்படுத்தி மனுவை முடித்து வைப்பது ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பது. ஆனால் 'நான் சமூகங்களுக்கிடையே பகை வளர்க்கும் விதமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும்' என்று ஒரு தாளில் உங்கள் கையெழுத்து இருந்தால், அது ஸ்டேஷன் பைலோடு நிற்காது. சில வருடங்களுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர், கல்லூரி மாணவர், ஒரு மீமுக்காக இப்படி எழுதிக் கொடுத்தார். எழுத வேண்டிய வாசகத்தை அவர்களே சொல்லச் சொல்ல, பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். மறுநாள் காலையில் அந்தத் தாளின் போட்டோ அவருடைய ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது சட்டம்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் உங்கள் ஹெச்.ஆருக்கும் அந்தச் சட்டம் தெரியாது. அந்தப் பையனுடைய அப்பா என் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

அதற்குப் பதிலாக நான்கு வரி விளக்கம் கொடுங்கள்: இது ஒரு புனைவு நகைச்சுவை நிகழ்ச்சி, பரவிய துண்டு முழுமையானதல்ல, முழு வீடியோவை இணைத்திருக்கிறேன், எந்தப் பிரிவினரிடையேயும் பகை உண்டாக்கும் நோக்கம் இல்லை. இது போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

வீடியோவை அழிக்கவும் வேண்டாம். யூடியூபில் தற்காலிகமாக மறைத்து வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் மூலப் பதிவு, அது எடுத்த கேமரா அல்லது போன், எல்லாம் அப்படியே இருக்கட்டும். பன்னிரண்டு நிமிடமும்தான் உங்கள் சாட்சி. அதை அழித்தால் 40 நொடிதான் மிஞ்சும். விசாரணை நடக்கும்போது ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றமும் ஆகும்.

நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள்

பெயர் சொல்லாவிட்டால் அவதூறு ஆகாது என்பது தவறு. கேட்பவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்தால் போதும். நீங்கள் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் குடியிருப்பில் 200 வீட்டுக்கும் அது யார் நாய் என்று தெரியும். அடுத்த மேடையில் அதை மாற்றிவிடுங்கள். ஆனால் அவதூறுக்காக போலீஸ் நேரடியாக எப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும். 'அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள்' என்ற மொத்தக் கூட்டமும் அவதூறு வழக்குப் போட முடியாது. 1971 சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுத் தீர்மானத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்திக்காக வந்த வழக்கில், மாநாடு என்பது அடையாளம் காணக்கூடிய ஒரு அமைப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லிவிட்டது.

முன்னறிவிப்பு வாசகம் யாரையும் காப்பாற்றாது. அமெரிக்கா பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே லென்னி புரூஸ் என்ற ஸ்டாண்டப் கலைஞர் மேடையில் பேசியதற்காக 1964-இல் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டார். 1966-இல் இறந்தார். மன்னிப்பு வந்தது 2003-இல். இன்று அங்கே இருக்கும் சுதந்திரம் இப்படிச் சிலர் உடைந்துபோன பிறகு வந்தது. நம் சாசனத்தில் 19(2) என்று ஒன்று இருக்கிறது: பொது ஒழுங்கு, நாகரிகம், அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு. நாம் வாதாட வேண்டியது அதற்குள் நின்றுதான்.

எல்லோரும் சொல்லும் அந்த 'பி.சி.ஆர். கேஸ்' உண்மையில் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத ஒருவர் செய்தால்தான் அதில் குற்றம். நீங்கள் பட்டியல் சாதி என்பதால் அது உங்கள்மீது பாயாது. சாதிச் சான்றிதழின் நகல் ஒன்றை வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.

ஆனால் 'சண்டாளா' வெறும் வசவு என்றுதானே நினைத்தீர்கள்? நம் பாட்டிமார் பேரனைச் செல்லமாகத் திட்டும்போதுகூட வரும் வார்த்தை. அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர். 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், பாட்டிலோ நகைச்சுவையிலோ மேடையிலோ அதை இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. அந்தச் செயலாளர் எப்படிப்பட்டவர் என்று காட்டத்தான் நீங்கள் அதை அவர் வாயில் வைத்தீர்கள், எனக்குப் புரிகிறது. முழு செட்டிலும் அந்த வார்த்தையின் அசிங்கம் அவர்மேல்தான் விழுகிறது. 40 நொடியில் அப்படி விழவில்லை. இனி எந்த ஜோக்கும் 40 நொடியாக வெட்டப்பட்டு ஊர் சுற்றும். "அந்தப் பக்கம் போ" என்ற மூன்று வார்த்தையை அதே குரலில் சொன்னாலே அந்த மனிதர் யாரென்று தெரிந்துவிடும். என் குமாஸ்தா சொன்ன யோசனை இது.

வாட்ச்மேன் ஜோக்

இனி வருத்தப்பட வேண்டிய இடம். நீங்கள் ஒற்றை வரியில், 'அது சும்மா ஜாலி' என்று தாண்டிப்போன இடம்.

ஏழாவது நிமிடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று நிமிடம் அந்த கேட்டில் நிற்கும் பீகார் பையனை வைத்துப் பேசுகிறீர்கள். அவன் தமிழ் பேசும் விதம், பான் எச்சில், அவன் இனத்தார் ரயிலில் 'கும்பல் கும்பலாக' வந்து இறங்குவது. அதில் அவன் என்ன செய்தான் என்று ஒன்றுமே இல்லை. அவன் அங்கே நிற்கிறான், அவ்வளவுதான் ஜோக். அரங்கத்தில் அதற்குத்தான் பெரிய கைதட்டல். உங்கள் காதில் அது விழுந்திருக்கும். கைதட்டல் விழுந்த இடத்தில் ஜோக் சரியாக இருக்கிறது என்று எந்தக் கலைஞனும் நம்பிவிடுவான். உங்கள் அம்மா மெயின் லிப்டில் ஏறாமல் தடுக்க நிறுத்தப்பட்டிருப்பவன் அவன். அவனும் அந்த லிப்டில் ஏற முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். அந்த அரங்கில் அவன் இல்லை, வரவும் மாட்டான், வந்தாலும் அந்த மொழியில் பதில் சொல்ல மாட்டான். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ஊருக்கு ரயிலேற சென்ட்ரலில் காத்திருந்தவர்களில் இவனைப் போன்றவர்கள் இருந்தார்கள்.

பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் காமெடியைக் கொன்றுவிட்டது என்கிறீர்கள். உங்கள் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செயலாளரைப் பற்றிய ஒன்பது நிமிடத்தில் யாரும் உங்கள் வாயைக் கட்டவில்லை. நீங்கள் அடித்து ஆடியிருக்கிறீர்கள். அங்கே உங்களை நிறுத்தப் பார்ப்பது அசோசியேஷனும் ஒரு மனுவும். அதை எதிர்த்து நான் உங்களோடு நிற்பேன். வாட்ச்மேன் பகுதியைப் பற்றிக் கமெண்டில் கேட்டவர்கள் போலீசுக்குப் போகவில்லை. 'ஏன் அண்ணா அவனை?' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியும் ஒரு மனுவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் கட்டினால் நியாயமான கேள்வியையும் மிரட்டலாகவே கேட்கப் பழகிவிடுவீர்கள்.

2025 ஆகஸ்டில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த நகைச்சுவையாளர்கள் தங்கள் யூடியூப் பக்கங்களிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஜோக்குகள் எனக்கு வலித்தன. ஆனாலும் கோர்ட் சொல்லிக் கேட்கும் மன்னிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு அதே கதவு வழியாக ஒரு மந்திரி வந்து, தன்னிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்பார். உங்களுக்கு எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. அந்த வாட்ச்மேன் ஜோக்கால் உங்கள்மேல் வழக்கு வராது என்றே நினைக்கிறேன். அதனால்தான் இதை நீங்களே செய்ய வேண்டும் என்கிறேன். அந்த மூன்று நிமிடத்தை வெட்டிவிட்டு, ஏன் வெட்டினேன் என்று உங்கள் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். ஸ்டேஷன் விஷயம் முடிந்த பிறகு எழுதுங்கள். இப்போது எழுதினால் பயந்து எழுதியதாகத்தான் படிப்பார்கள், மனுவிலும் சேர்த்துவிடுவார்கள்.

வேலையும் அம்மாவும்

ஹெச்.ஆருக்கு இன்றைக்கே பதில் போட வேண்டாம். உங்கள் நியமன ஒப்பந்தத்தில் வேறு வருமானம், சமூக ஊடகம் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிக்கெட் காசு வாங்குவதற்கு அனுமதி பெற்றிருக்கிறீர்களா என்பதுதான் அவர்கள் பிடிக்கக்கூடிய இடம். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.

அம்மாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் அந்த மூன்று வீட்டுக்காரர்கள். அசோசியேஷன் அவருடைய முதலாளி இல்லை. உள்ளே வருபவர்களைப் பதிவு செய்யும் கேட் ஆப்பில் அவர் பெயரை எடுத்துவிட்டால், எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டியது அந்த வீட்டுக்காரர்கள். தங்கள் வீட்டுக்கு யார் வேலைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் விஷயம். மகன் பேசியதற்காக அவர் வேலையைப் பறித்தால், அதில் சாதி காரணமும் இருந்தால், பட்டியல் சாதியினரைச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வது அதே 1989 சட்டத்தில் குற்றம். கடிதம் எழுதச் சொல்பவர்களுக்கு இந்தப் பக்கத்தையும் உங்கள் வக்கீல் நினைவூட்டலாம். வக்கீலுக்குப் பணம் கட்ட முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி எண் அது. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்குக் காலையில் வாட்ச்மேனோ, ஒன்பதாவது மாடி வீட்டுக்காரம்மாவோ போனை நீட்டி, "இது உன் பையன்தானே?" என்று கேட்பதற்கு முன்னால் சொல்லுங்கள். 40 நொடித் துண்டைக் காட்டாதீர்கள். பன்னிரண்டு நிமிடத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். வாட்ச்மேன் பகுதி வரும்போது நிறுத்தாதீர்கள். தினமும் காலை ஆறரைக்கு அந்தப் பையனிடம் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போகிறவர் அவர். அந்தப் பகுதியைப் பார்த்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.